வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த போத்தல்

மனிதர்கள் எனக்குச் சீக்கிரம் பிடித்துப்போவார்கள். ரப்பர் பால் லோரி ஓட்டிய இத்தனை வருஷத்தில் குடிகாரன், கோள் சொல்கிறவன், பால் வாளியில் தண்ணீர் கலக்கிறவன் என்று எவனைக் கண்டாலும் அவன் வாயிலிருந்து ஒரு நல்ல பேச்சையாவது பொறுக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். ஒரே ஒரு மனிதரிடம்தான் எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இத்தனைக்கும் அவர் ஊமை இல்லை. எங்கள் தோட்டத்தில் அவரைவிட அதிகமாகப் பேசியவர் கிடையாது. பேசியதெல்லாம் சாமான்களைப் பற்றி.

நாடகக் கிராணி என்போம். லூனாசிலிருந்து நாலு மைல் உள்ளே இருந்த எங்கள் தோட்டத்தில் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி. மாதா கோயில் திருநாளுக்கு வருஷம் ஒரு நாடகம் போடுகிறவர். எழுபதுகளின் கடைசி அது. வெள்ளைக் கால்சட்டை மடிப்புக் கலையாது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். ஏதோ ஒரு பெரிய பரீட்சைக்காக ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் ஒரு சோக நாடகம் படித்திருந்தார். ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்கக் குடித்தனம் நடத்தினார்.

அந்தப் புத்தகத்தை எனக்கு ஒருமுறை காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு.

“இது என்னான்னு நெனைக்கிற?”

“தப்புத் தப்பா அச்சடிச்சிட்டாங்களா ஐயா?”

“மடையா. இருட்டுன்னு வர்ற எடமெல்லாம் கோடு போட்டிருக்கேன். மொத அங்கத்துல இருட்டு வெளிய இருக்கு. நடுவுல வீட்டுக்குள்ள வந்துருது. கடைசியில அவன் நெஞ்சுக்குள்ள உக்காந்துக்குது. ‘நான் கெட்டுப்போயிட்டேன்’னு அவன் ஒரு எடத்துலயும் சொல்லல. இருட்டு சொல்லுது. அதுக்குப் பேரு படிமம்.”

அன்றைக்கு எனக்குப் புல்லரித்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கடையில் சாமான் மடித்துக் கொடுக்கும் காகிதத்தில்கூட எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். ஒரு நாடகத்துக்குள் இப்படி ஒரு நரம்பு ஓடும் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. அந்த நன்றிக்காகத்தான் அவருடைய நாடகங்களுக்குத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கச் சம்மதித்தேன். அவர் எழுதியதை நோட்டில் அழகாகப் படியெடுப்பதும் என் வேலைதான்.

“மேடையில சாமான் பேசணும். ஆளு சும்மா இருக்கணும்” என்பார். மேடைக்கு அது நல்ல புத்தியாகவே இருக்கலாம். அவர் அதைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளிலும் நடத்தினார் என்பதுதான் கேவலம்.

ஒரு வருஷம் பாலுக்காக மரம் வெட்டும் பெண் ஒருத்தியின் கதையைப் போட்டார். கணவன் கைவிட்டுப் போய்விடுகிறான். அவள் கொட்டுகிற மழையில் நின்று ரப்பர் மரம் வெட்டியபடி அழுகிறாள். மழைக்காக மேலே இருந்து இரண்டு பேர் பூவாளியால் தண்ணீர் ஊற்றினார்கள். கூட்டத்தில் ஒரு விசும்பல் கேட்கும் என்று அவர் திரையோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். முன்வரிசையிலிருந்து ஒரு கிழவர்தான் கேட்டார்.

“ஏம்மா, மழையில வெட்டுனா பாலு மங்குல நிக்குமா? எந்தக் கங்காணிம்மா உன்ன வெட்டச் சொன்னான்?”

மங்கு என்பது மரத்தில் பால் வடிகிற கிண்ணம். அதில் மழைத் தண்ணீர் விழுந்தால் பால் போச்சு. கூட்டம் சிரித்தது. மேடையில் அழுதுகொண்டிருந்த பெண்ணும் சிரித்துவிட்டாள், அவளும் வெட்டுக்காரிதானே. திரை விழுந்த பிறகு அவர் எங்களை வரிசையாக நிற்க வைத்தார்.

“பாலு, கண்ணீரு, மழை. மூணும் ஒண்ணாக் கலக்குது. அது படிமம்டா. வெட்டுறவனுக்கு அது எங்க வெளங்கப்போவுது?”

வெட்டுகிறவனுக்கு விளங்கியது வேறு. மழை பெய்தால் வேலை இல்லை, அன்றைக்குச் சம்பளமும் இல்லை. அந்தப் பெண் அழுவதாக இருந்தால் வீட்டில் உட்கார்ந்து, ஒழுகும் கூரைக்குக் கீழே சட்டியை வைத்துவிட்டு அழுவாள். ஆபீஸ் ஜன்னலிலிருந்து இருபது வருஷம் மழையைப் பார்த்தவருக்கு இது தெரியவில்லை. கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சுங்கைப்பட்டாணி ரோட்டு வளைவில் என் லோரி கவிழ்ந்து வலது கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிவைத்திருந்தார்கள். நாடகக் கிராணி பார்க்க வந்தார். பழம் இல்லை, பிஸ்கட் இல்லை. கட்டிலோரம் நின்று கேட்டார்.

“ரோட்டுல உன் சிலிப்பர் ஒண்ணு கெடந்துச்சு. நாந்தான் எடுத்து வெச்சிருக்கேன். இன்னொண்ணு எங்க?”

“ஆத்துல போயிருக்கும் ஐயா.”

“நல்லதாப் போச்சு. ஒத்தையா இருந்தாத்தான் அது பேசும்.”

நான் நொண்டிக்கொண்டு வீடு திரும்பிய பிறகு வந்த நாடகத்தில் அந்தச் சிலிப்பர் மேடை நடுவே தனியாகக் கிடந்தது. எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். என் பெண்டாட்டி மட்டும் என் காதோரம் சொன்னாள். “நல்லவேளை, கால டாக்டரு வெட்டல. வெட்டியிருந்தா அத தட்டுல வெச்சுக் கொண்டாந்திருப்பாரு.”

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கத் தக்கது. இனிமேல் சொல்லப்போவது அப்படி இல்லை.

எங்கள் லயத்தில் அந்தோணி அண்ணன் என்று ஒருவர் இருந்தார். ஆரோக்கியம் அக்காவின் கணவர். சிடாம் கிரி என்ற ஊரில் அவர் மச்சானுக்குக் கொஞ்சம் ரப்பர் மரம் சொந்தமாக இருந்தது. பாலை உறைய வைக்க ஊற்றும் ஆசிட்டை மச்சானுக்குக் கொடுப்பதற்காக ஒரு போத்தலில் கொண்டுவந்து அடுப்படியில் வைத்திருந்தார். விடியாத வெள்ளாப்பில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகும் அவசரம். விளக்கு ஏற்றவில்லை. தண்ணீர் என்று நினைத்து எடுத்துக் குடித்துவிட்டார். அன்று மதியமே போய்விட்டார்.

ஆரோக்கியம் அக்கா சொன்னது இதுதான். போலீஸிடம் சொன்னார், மாதா கோயில் சாமியாரிடம் சொன்னார், எங்களிடமும் சொன்னார்.

தோட்டத்தில் ஆசிட் குடித்தவர்கள் எல்லாரும் தவறிக் குடித்தவர்கள் இல்லை என்பது எங்களுக்குத் தெரியாததில்லை. அந்த மாதம் முழுக்க அந்தோணி அண்ணன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதும் தெரியும். தானாகக் குடித்துச் செத்தவருக்குக் கோயில் கல்லறையில் இடம் கிடையாது. ஆனாலும் சாமியார் அக்காவின் வார்த்தையை ஏற்றுக்கொண்டார். கோயில் கல்லறையில் சிலுவை நட்டுப் புதைத்தார். நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்று, மெழுகுவர்த்தி ஏற்றிய பிறகு, மற்றவர்கள் பேரோடு அவர் பேரையும் சேர்த்து வாசித்தார். லயத்தில் நாக்கில் நரம்பில்லாத பொம்பளைகள் எத்தனையோ பேர். ஒருத்திகூட அந்த வார்த்தையைக் கிளறவில்லை. அக்கா தலை நிமிர்ந்து நடக்க அது ஒன்றுதான் இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

நாடகக் கிராணி எட்டாம் நாள் துக்கம் கேட்க வந்தார். நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

“அந்தப் போத்தல் இருக்காம்மா?” என்றார்.

“போலீஸ்காரங்க எடுத்துட்டுப் போயிட்டாங்கய்யா.”

“என்ன மாதிரிப் போத்தல்? கழுத்து நீளமா, கட்டையா?”

அக்கா எழுந்து வந்து கையால் உயரம் காட்டினார். பிறகு இரண்டு விரலை வளைத்துக் கழுத்தின் அளவைக் காட்டினார். ஐயா கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று பழகிய கை. துக்க வீட்டில் ஒரு பெண்ணை அப்படி அளவு காட்ட வைத்தவர், போகும்போது சிவப்புப் பென்சிலால் ஒரு சிகரெட் அட்டையில் அதைக் குறித்துக்கொண்டு போனார்.

அடுத்த வருஷத் திருநாளுக்கு அவர் எழுதிய நாடகம் என் கைக்கு வந்தது. கணவன் பேர் வேறு, மனைவி பேர் வேறு. மூன்று அங்கம். அங்கத்துக்கு ஒரு போத்தல், மூன்றும் ஒரே மாதிரி. அந்தக் கழுத்து, அந்த உயரம்.

முதல் அங்கத்தில் போத்தலில் பார்லித் தண்ணீர். கணவன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறான். தூசி இல்லை என்று கண்ட பிறகுதான் மகளுக்குக் கொடுக்கிறான். இரண்டாம் அங்கத்தில் கள்ளு. அதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறான். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிறான். மூன்றாம் அங்கத்தில் ஆசிட். அதையும் தூக்கிப் பார்க்கிறான். நிதானமாகப் பார்க்கிறான். பிறகு குடிக்கிறான். அங்கே ஒரு வசனமும் கிடையாது.

படியெடுத்து முடித்துவிட்டு நான் அந்த மூன்று இடத்தையும் மறுபடி படித்தேன். கெட்டிக்காரத்தனம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். மகள்மேல் உசிரை வைத்திருந்தவன் எப்படித் தன்னையே வெறுக்கிறவன் ஆனான் என்று ஒரு வார்த்தை இல்லாமல் அந்த ஒரு கையசைப்பே காட்டிவிடுகிறது. ஆனால் எந்தப் போத்தலையும் பார்க்காமல் குடிக்காத மனிதன் தவறிக் குடித்தான் என்று யார் நம்புவார்கள்? லூனாசிலும் குலிமிலும் இருந்து வரும் அத்தனை சனத்துக்கும் முன்னால், சாமியாருக்கும் முன்னால், ஆரோக்கியம் அக்கா பொய் சொன்னார் என்று ஒரு போத்தல் சாட்சி சொல்லப்போகிறது. இது அவருக்கும் தெரியும். தெரியாமல் இதை எழுத முடியாது. எனக்குத் தெரிந்தும் நான் படியெடுத்துக் கொடுத்தேன். அவரை ஏசும்போது இதையும் சேர்த்துத்தான் ஏச வேண்டும்.

கணவன் வேஷம் சூசைக்கு. சூசை வெட்டுக்காரன், அந்தோணி அண்ணனோடு ஒரே வரிசையில் மரம் வெட்டியவன். வசனம் மனசில் நிற்காது. அவனை நாடகக் கிராணி ‘மரக்கட்டை’ என்றுதான் கூப்பிடுவார். “இந்த வேஷத்துக்கு மரக்கட்டை போதும். போத்தல்தான் நடிக்கப்போவுது” என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னார். சூசை சரிங்க ஐயா என்றான்.

ஒத்திகை பார்த்த பெண்கள் யாரோ விஷயத்தை அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்காமல் அக்கா கோயில் மண்டபத்துக்கு வந்தார். நாங்கள் எல்லாரும் இருந்தோம்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும்.”

“சொல்லும்மா.”

“நாடகம் போடுங்க. நான் வேணாங்கல. கடைசியில அந்தப் போத்தல வெளிச்சத்துல தூக்கிப் பாக்குறாராம். அத மட்டும் எடுத்துடுங்க.”

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். அந்தப் பொறுமையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

“அத எடுத்தா மொத ரெண்டு தடவ பாத்ததுக்கு அர்த்தமே இல்லாமப் போயிரும். அவன் குணமே அந்தப் பார்வையிலதான் இருக்கு. வெளங்குதா?”

“அவரு அப்படியெல்லாம் பாக்க மாட்டாருங்க.”

“நான் உன் புருஷன எழுதலம்மா. பேரப் பாரு, வேற.”

“பேரு வேறதான். போத்தல் அதேதானுங்க. நாந்தானே அளவு காட்டுனேன்.”

 அவர் அதற்கும் பதில் வைத்திருந்தார். “அப்ப உனக்கு நல்லாத் தெரியுது. அதான் படிமத்தோட சக்தி” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். சூசை தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா போய்விட்டார்.

திருநாள் அன்று மதியம் மூன்று மணிக்கு நாடகம். மண்டபத்து ஜன்னல் வழியாக நல்ல வெயில் விழும் நேரத்தை அவரே பார்த்து வைத்திருந்தார். போத்தலுக்கு அந்த வெளிச்சம் வேண்டும் என்பதற்காக. சாமியார் முதல் நாற்காலியில். அக்கா வரமாட்டார் என்று நினைத்தேன். மூன்றாம் வரிசையில், ஓரத்தில், வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் மடியில்.

முதல் அங்கத்தில் சூசை சொன்னபடி செய்தான். பார்லித் தண்ணீர் வெயிலில் பளபளத்தது. இரண்டாம் அங்கத்திலும் சொன்னபடி செய்தான். கூட்டம் அடங்கிவிட்டது. திரைக்குப் பின்னால் என் பக்கத்தில் நாடகக் கிராணி, கோயிலில் நற்கருணை வாங்கப் போகிறவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மூன்றாம் அங்கம். சூசை வந்தான். தலையில் துண்டு கட்டியிருந்தான். நோட்டில் அது இல்லை. கையில் வெட்டுக் கத்தியும் தோளில் வாளியும் இருந்தன, அதுவும் இல்லை. பெரட்டுக்கு நேரமானவன் மாதிரி விடுவிடு என்று நடந்து அடுப்படிப் பக்கம் வந்தான். பாதையைக் காலால் தடவினான், இருட்டில் நடக்கிறவன் போல. ஜன்னல் வெயில் அவன் முதுகில் விழுந்துகொண்டிருந்தது, ஆனாலும் அது இருட்டு என்று எல்லாருக்கும் தெரிந்தது.

“தண்ணிப் போத்தல் எங்க... லாம்பு வேற இல்ல... ஆங், இந்தா இருக்கு.”

எடுத்தான். பார்க்கவில்லை. கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடியே வாயில் வைத்தான்.

“தூக்கிப் பாருடா” என்று நாடகக் கிராணி என் காதில் சீறினார். “எடுத்துக் குடு, சொல்லு, தூக்கிப் பாக்கச் சொல்லு.” என் வாய் திறக்கவில்லை. அதற்குள் சூசை குடித்து, போத்தலைக் கீழே விட்டு, மண்டிபோட்டு விழுந்திருந்தான். விழும்போது ஒரு முறை சிலுவை போட்டுக்கொண்டான். கூட்டத்தில் யாரோ ஒரு பெண் “ஐயோ, தெரியாமக் குடிச்சிட்டானே” என்று வாய்விட்டு அழுதாள். அதன் பிறகு அந்த மண்டபத்தில் அழாதவர்கள் குறைவு.

சாமியார் வந்து நாடகக் கிராணியின் கையைக் குலுக்கினார். நல்ல நாடகம் என்றார். நாடகக் கிராணி குலுக்கிய கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, சூசையைத் தேடிக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் வந்தார். நானும் நோட்டோடு பின்னால் போனேன்.

எங்களுக்கு முன்பே அக்கா அங்கே இருந்தார். சூசை குழாயடியில் முகத்துப் பவுடரைக் கழுவப் போனவன், அப்படியே நின்றுகொண்டிருந்தான். அக்கா அவனை ரொம்பப் பக்கத்தில் நின்று கேட்டார். 

“சூசை, அவரு பாக்காமத்தான் எடுத்திருப்பாரு. இல்லடா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வருஷமாக எங்களுக்கெல்லாம் உறுதியாகச் சொல்லிவந்தவர், தனக்குள் ஒரு நாள்கூட உறுதியாக இருந்ததில்லை.

“ஆமாக்கா” என்றான் சூசை. “பெரட்டு நேரத்துல யாருக்கா நின்னு பாக்குறா? எடுத்தோம், குடிச்சோம், ஓடுனோம். நாங்க எல்லாரும் அப்படித்தான்.”

அந்த இடத்தில் எந்த மனிதனும் வாயை மூடிக்கொண்டிருப்பான். கள்ளுக்கடையில் விழுந்து கிடக்கிறவன்கூட மூடிக்கொண்டிருப்பான். நாடகக் கிராணி மூடவில்லை.

“இல்லம்மா. நான் எழுதுனது அப்படி இல்ல. என் நாடகத்துல அவன் பாத்துட்டுத்தான் குடிக்கிறான். இந்த மரக்கட்டை மாத்திக் கெடுத்துட்டான்.” என் பக்கம் திரும்பினார். “நீ நோட்டைப் பிரி. பிரிச்சுப் படிச்சுக் காட்டு.”

நான் நோட்டைப் பிரித்தேன். என் கையெழுத்தில், அவர் எழுதியபடி, ‘தூக்கிப் பார்க்கிறான். நிதானமாகப் பார்க்கிறான்’ என்று இருந்தது. அதற்குக் கீழே அவருடைய சிவப்புக் கோடு.

“‘தண்ணிப் போத்தல் எங்க, இந்தா இருக்கு’” என்று படித்தேன். “இப்படித்தான் ஐயா இருக்கு.”

அவர் நோட்டைப் பிடுங்கினார். வெயிலில் பிடித்து, விரலை வைத்து அந்த வரியை அக்காவிடம் நீட்டினார். “பொய் சொல்றான். இதோ இருக்கு பாரும்மா, நீயே பாரு.”

அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“நோட்டுல என்ன இருந்தா எனக்கென்னங்க. குடிச்சவனக் கேட்டேன். அவன் சொல்லிட்டான்.” பிறகு சூசையிடம், “மொகத்தக் கழுவிட்டு வீட்டுக்கு வாடா, காலையிலேருந்து நீ ஒண்ணும் தின்னிருக்க மாட்ட” என்றார்.